கட்டை விரல் மகாராஜாவும் ஜக்குத் தண்ணீரும்

லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில், புதிதாய்ப் பிறந்த இளவரசியோடு கொலுவீற்றிருக்கும், என் தங்கை பெற்ற அருமை மருமகளுக்கு, ஆண்கள் வார்டின் ஜன்னலோரக் கட்டிலிலிருந்து உன் மாமா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே என் வலது கால் கட்டை விரலைத் தவிர மற்ற எல்லோரும் நலம்.

அந்த விரல் பூசணிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. மின்விசிறிக் காற்று பட்டதற்கே நான் போட்ட கூச்சலில், ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டாராம். "கவுட்" என்றார் டாக்டரம்மா. யூரிக் ஆசிட் மூட்டுக்குள் ஊசி ஊசியாய்ப் போய் உட்காருமாம்; ஒரு காலத்தில் ராஜாக்களுக்கு வந்த வியாதியாம். நான் சற்று நிமிர்ந்து படுத்தேன். ஆனால் ராஜா தனியாக வருவாரா? எனக்குப் பரிவாரமாக பிரஷரும் கிட்னிக் கோளாறும். எதிர்க் கட்டில் தையல்காரருக்குச் சிறுநீரகக் கல். பக்கத்துக் கட்டில் பஸ் டிரைவருக்கு இதய பலவீனம். மூன்று மகாராஜாக்கள், ஒரே பாத்ரூம்.

"கிட்னி சரியானாத்தான் வீட்டுக்கு, பேத்தியைப் பாக்குறதெல்லாம் அப்புறம். தினம் மூணு லிட்டர் தண்ணி குடிங்க" என்று டாக்டரம்மா எனக்கு ஆணையிட்டார். டிரைவருக்கோ இதயம் தாங்காது என்று ஒரே லிட்டர்தான். "அண்ணே, உங்க ஜக்கைப் பாத்தாலே நெஞ்சு அடைக்குது, ஒரு மடக்கு குடுங்களேன்" என்றார். எனக்கோ தண்ணீர் என்றாலே குமட்டல். கொடை வள்ளலாகி முழு ஜக்கையும் நீட்டினேன். இரண்டே நாளில் அவர் கால் இரண்டும் வீங்கித் தலையணையாயின. என் கிட்னி இன்னும் மோசம். டாக்டரம்மா மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொண்டார்.

அப்போதுதான் உன் அத்தை வந்தாள். ஜக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், டிரைவரின் காலைப் பார்த்தாள். "மூணு லிட்டர் குடிச்ச மனுஷன் விடிஞ்சதுலேர்ந்து ஒரு வாட்டி கூட பாத்ரூமுக்கு எழுந்திரிக்கலையே, தண்ணியெல்லாம் எந்தக் காலுக்குப் போச்சு?" என்றாள். டிரைவர் போர்வைக்குள் போய்விட்டார். என்ன மூளையடி அது! ஸ்கேன் மெஷினை விற்றுவிட்டு உன் அத்தையை வார்டுக்கு ஒரு முறை நடக்கவிட்டால் போதும் என்று டாக்டரம்மாவிடமே சொல்லிவிட்டேன். அவளைக் கட்டிக்கொண்ட என் புத்திசாலித்தனத்தையும் இந்த உலகம் மெச்ச வேண்டும்.

அன்றிலிருந்து நான் திருந்திவிட்டேன். ஜக்கு ஜக்காகத் தீர்க்கிறேன். ஜன்னலோரத் தொட்டிச்செடியே சாட்சி. கூடிய சீக்கிரம் உன் மாடிப்படிகளைச் சிங்கம் போல் ஏறி இளவரசியைத் தூக்குவேன். அதுவரை உன் மாமனார் முந்திக்கொள்ளாமல் பார்த்துக்கொள். தாயும் சேயும் என் யூரிக் ஆசிட்டைவிட வேகமாக வளர்ந்து, நூறாண்டு வாழ்க.

இப்படிக்கு,
கட்டை விரலால் அரியணை ஏறிய மாமா

பின்குறிப்பு: கண்ணு, அத்தை எழுதுறேன். கவரை ஒட்டச் சொல்லிக் குடுத்தார், படிச்சிட்டேன். நான் ஒண்ணையும் கண்டுபிடிக்கல. டிரைவர் தம்பிதான் பயந்துபோய், நான் உள்ளே வர்றதுக்கு முன்னாடியே என்னை வராந்தாவுல நிறுத்தி எல்லாத்தையும் சொல்லிடுச்சு. மாமாகிட்ட சொல்லிடாதே, நான் எப்படியும் கண்டுபிடிச்சிடுவேங்கிற பயத்துலயாவது தண்ணி குடிப்பார்னு இருந்தேன். ஆனா சாட்சிக்குக் கூப்பிட்டிருக்காரே அந்தத் தொட்டிச்செடி, அது ரெண்டு நாளா வேர் அழுகி நிக்குது. அதை மட்டும் நானே கண்டுபிடிச்சேன். இப்பத்தான் செடியைத் தூக்கி நர்ஸ் ரூம்ல வெச்சிட்டு, ஜக்கோட அவர் எதிர்ல உக்காந்திருக்கேன். குடிச்சிட்டு இருக்கார். பாப்பாவை ரெடியா வெச்சிரு.