லியோனியின் அடக்கத்தன்று பரிமாறிய மீன்

பிரியமுள்ள குளோதில்ட் அக்காவுக்கு,

மதிரானிலிருந்து தம்பி எவாரிஸ்ட் வணக்கத்துடன் எழுதுவது. கால் எலும்பு கூடி வருகிறதா? கட்டுப் போட்ட காலோடு ரயிலேற முடியவில்லையே என்று லீல் நகரத்து வீட்டில் உட்கார்ந்து அழுததாகக் கேள்விப்பட்டேன். நீ வராததே நல்லது. இங்கே நடந்ததைப் பார்த்திருந்தால் இன்னொரு காலை நீயே உடைத்துக்கொண்டிருப்பாய்.

என் லியோனியை வெள்ளிக்கிழமை அடக்கம் செய்தோம். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வர்றவங்களுக்கு நாம ரெண்டு பேரும் கல்யாணமாகி மொதமொதல்ல போட்ட ஒயினை ஊத்து. கூடவே வாத்துத் தொடை வை. அழுதுட்டுப் போறவங்க வயிறாவது நெறையட்டும்." அந்த ஒயினை உனக்குத் தெரியும். மை மாதிரி கறுப்பு. இருபது வருடம் நிலவறையில் கிடந்தும் முதல் மிடறிலேயே நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு. பொறுத்திருந்தால் கறுப்பு ப்ளம் பழம், அதிமதுரம், அடுப்புப் புகை என்று ஒவ்வொன்றாக வரும். வாத்துக் கொழுப்பு பட்டால்தான் அதன் முரட்டுத்தனம் அடங்கும். "உன்னை மாதிரியேதான், சாப்பாடு போட்டாத்தான் வழிக்கு வரும்" என்பாள்.

ஆனால் அவளுடைய அண்ணன் அனிசே இருக்கிறானே, கோயில் மணி அடிக்கிறவன், அவனுக்குத் தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் இறைச்சி கூடாது என்பதுதான் ஞாபகம் வந்தது. நான் கல்லறையில் நின்று ஒரு பிடி மண் போட்டுக்கொண்டிருக்கும்போது அவன் ஆளனுப்பி வாத்தை அடுப்பிலேற்றாமல் நிறுத்தி, நாற்பது பேருக்குக் காட் மீன் அவிக்கச் சொல்லிவிட்டான், நான் திரும்பி வருவதற்குள் மீன் மேசைக்கு வந்து, என் ஒயினும் கோப்பைகளில் இறங்கிவிட்டது. நான் வாசலில் நுழையும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் குடித்தார்கள்.

அக்கா, அந்த ஒயினை மீனோடு குடிப்பது துருப்பிடித்த ஆணியைச் சப்புவது மாதிரி. நாற்பது முகமும் கோணிப்போனது. தபால்காரர் ரெமி கைக்குட்டையில் துப்பினார். அவர் அழுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். அடுத்த வீட்டு பிளாந்தீன் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு மெல்லச் சொன்னாள்: "பாவம், அவ போட்ட ஒயின். அவளோடயே போயிடுச்சு."

"போகல! மீனுதான் கெடுத்துச்சு!" என்று கத்திவிட்டேன்.

"மாப்பிள, எழவு வீட்டுல சத்தம் போடாதீங்க" என்றான் அனிசே.

"உங்க தங்கச்சி கேட்டது ஒண்ணே ஒண்ணு மச்சான். அதக்கூடத் தடுத்துட்டீங்களே!"

"அவ ஆத்துமாவுக்காகத்தான்யா செஞ்சேன்!" என்றான். எனக்கு இரக்கம் வரவில்லை.

சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். நவம்பரில் லியோனி தன் கையால் கொழுப்பில் பதப்படுத்தி வைத்த வாத்துத் தொடைகளைச் சட்டியில் போட்டேன். மணம் கதவிடுக்கு வழியாகப் போயிருக்க வேண்டும். தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால் பங்குச் சாமியார்.

"சாமி, இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

"எனக்கே சொல்றியா? தட்டு எங்க இருக்கு?"

ஒரு வாய் தின்று, ஒரு மிடறு குடித்தார்.

"லியோனி வச்சதா?"

"ஆமா சாமி."

"இன்னும் இருக்கா?"

"இதான் கடைசி ஜாடி."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, எலும்பு வரை தின்றார். பிறகு ரெமி வந்தார், பிளாந்தீன் வந்தாள், நின்றபடியே ஆளுக்கொரு துண்டு பிய்த்துத் தின்று குடித்தார்கள். ஒயின் கெடவில்லை என்று பிளாந்தீனே சொன்னாள். அனிசே மட்டும் கூடத்தில் மீன் தட்டுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தான். நான் கூப்பிடவில்லை.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். திராட்சைத் தோட்டத்தை விற்றுவிட்டு ஈஸ்டர் முடிந்ததும் உன்னிடமே வந்துவிடுகிறேன். அந்தச் சின்ன அறையை ஒழித்து வை. அனிசே முகத்தில் இனி இந்த ஜென்மத்தில் விழிக்க மாட்டேன்.

உன் காலைக் கர்த்தர் சீக்கிரம் நேராக்கட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
தம்பி எவாரிஸ்ட்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது ஜன்னல் வழியே தோட்டத்தில் ஆள் தெரிந்தது. ஆஸ்பத்திரி அலைச்சலில் கவாத்து செய்யாமல் விட்ட வரிசைகளில் அனிசே கத்தரியோடு நிற்கிறான். மணிக் கயிறு தவிர வேறெதையும் பிடித்தறியாத கை. மூன்று கொடிகளை மொட்டையடித்துவிட்டான். ஓடினேன். "மாப்பிள, எத்தன கணு விடணும்?" என்றான், திரும்பிப் பார்க்காமல். "ரெண்டு" என்றேன். நானும் ஒரு கத்தரியை எடுத்துக்கொண்டு பக்கத்து வரிசையில் இறங்கினேன். இன்னும் பதினோரு வரிசை இருக்கிறது. அறையை ஒழிக்க வேண்டாம்.