டபுள் கிளட்ச் அண்ணனும் என் தயிர்ப்பானையும்

எனக்கு வயது எண்பத்து மூன்று. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். நாலு நான் பெற்றது, இரண்டு என் கொழுந்தன் விட்டுப்போன பிள்ளைகள். இத்தனை வருஷத்தில் எவ்வளவோ மனிதர்களைப் பார்த்தாயிற்று. ஆனால் சொந்த வீட்டுக்குள் ஒரு நாள்கூட முகத்தைக் காட்டி நுழையாமல், முதுகைக் காட்டியே நுழைந்த மனிதர் மதுரை ஜில்லாவிலேயே ஒருவர்தான்.

அவர் டிரைவர். பேரையூர்ப் பக்கத்துக்காரர். அப்பா அம்மா வைத்த பேர் அவர் பெண்டாட்டிக்கே மறந்து போயிருக்கும். ஊருக்கு அவர் ‘டபுள் கிளட்ச்’. எனக்கு டபுள் கிளட்ச் அண்ணன்.

“ஏண்ணே இப்படிப் பின்னாலயே போறீங்க?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“வண்டிய எப்பவும் ரிவர்ஸ்ல விட்டுத்தான் நிறுத்தணும் தங்கச்சி. அப்பத்தான் ஒரு அவசரம்னா நேரா கிளம்பலாம்.”

“வீட்டுல அப்படி என்னண்ணே அவசரம்?”

“ஒன் மதினிக்குக் கோவம் வந்து நீ பாத்ததில்ல.”

டபுள் கிளட்ச் என்றால் என்னவென்று எனக்கும் முதலில் தெரியாது. அந்தக் காலத்துக் காரில் ஒரு கியரிலிருந்து இன்னொன்றுக்கு நேரே தாவ முடியாதாம். இடது காலால் கிளட்சை ஒரு மிதி மிதித்து, நடுவில் கொஞ்சம் நின்று எஞ்சினைச் சமாதானப்படுத்தி, மறுபடி ஒரு மிதி மிதித்தால்தான் கியர் விழுமாம். இல்லாவிட்டால் வண்டி பல்லை நறநறவென்று கடிக்கும். இந்தப் பழக்கம் அவர் காலில் ஊறி, உடம்பு முழுக்க ஏறிவிட்டது. யாராவது ஏதாவது கேட்டால் இடது காலால் தரையில் ஒரு மிதி, கொஞ்சம் மௌனம், இன்னொரு மிதி. அதற்கப்புறம்தான் பதில் வரும். சாம்பார் சோற்றிலிருந்து ரசத்துக்குப் போகும்போதும் இதே கதை. நடுவில் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். “நியூட்ரல்ல இருக்காரு, யாரும் பேசாதீக” என்பாள் மதினி. தாலி கட்டும்போதும் ஒரு மிதி மிதித்துவிட்டு நின்றாராம். முகூர்த்தம் தாண்டப் போகிறது என்று பந்தலே பதறிய பிறகுதான் இரண்டாவது மிதி விழுந்ததாம்.

தெருவில் நடந்து போகும்போதும், திரும்ப வேண்டுமானால் கையை நீட்டிச் சைகை காட்டுவார். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் அப்படி நீட்டி, ஒரு போலீஸ்காரரின் தொப்பியைத் தட்டிவிட்டார். மன்னிப்புக் கேட்டாரா என்றால் அதுதான் இல்லை. “நான்தான் கை காட்டினேன்ல, பின்னால வர்றவருதான் பாத்து வரணும்” என்று அவருக்கே புத்தி சொல்லிவிட்டு வந்தார்.

காது கொஞ்சம் மந்தம். ஆனால் எஞ்சினில் ஒரு நட்டு தளர்ந்தால் தெரு முனையிலிருந்தே கேட்டுவிடும். பெண்டாட்டி பக்கத்தில் நின்று கூப்பிட்டால் கேட்காது.

நான் அப்போது தயிர் வியாபாரம் பார்த்தேன். சமயநல்லூரிலிருந்து முதல் பஸ்ஸில் பானையோடு மதுரைக்கு வந்து, வாடிக்கை வீடுகளுக்கு ஊற்றிவிட்டுத் திரும்புவேன். என் தயிரைப் பற்றி நானே சொல்லக் கூடாது. மற்றவர்கள் சொன்னதைச் சொல்கிறேன்: பானையைக் கவிழ்த்தாலும் விழாது. வாடிக்கைகளில் பெரிய வீடு ஒரு மில் முதலாளியின் பங்களா. அங்கேதான் டபுள் கிளட்ச் அண்ணனுக்கு வேலை.

அந்த பங்களா ஷெட்டில் ஒரு கார் நின்றது. இரண்டே பேர் உட்காரலாம். கூரை கிடையாது. சிவப்பு நிறம். ஊரை விட்டுப்போன ஒரு வெள்ளைக்கார மானேஜரிடமிருந்து பெரிய முதலாளி வாங்கியது. இடது பக்கக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். ஹாரன் என்பது ரப்பர் உருண்டை. அமுக்கினால் வாத்து கத்துவது போல இருக்கும். அந்தக் காரை அண்ணன் ஒருவரைத் தவிர யாராலும் ஓட்ட முடியாது. தினமும் காலையில் அதன் மூக்கைத் துடைத்துவிட்டு, “என்னடா, ராத்திரி தூங்குனியா?” என்று விசாரிப்பார்.

பெரிய முதலாளி காலமான பிறகு, சீமையில் படித்த மகன் திரும்பி வந்தார். எண்பதுகளின் நடுப்பகுதி அது. கப்பலில் அவர் கூடவே ஒரு காரும் வந்து இறங்கியது. கறுப்பு நிறம், தரையோடு தரையாகப் படுத்திருக்கும். கண்ணாடியெல்லாம் கறுப்பு. உள்ளே குளிர்சாதனம். பின்னால் ‘டர்போ’ என்று எழுதியிருந்தது. நல்ல பிள்ளை, கர்வம் கிடையாது. நான் கேட்டதற்கு விளக்கம்கூடச் சொன்னார்.

“எஞ்சின் விடுற புகையை வச்சே ஒரு விசிறி சுத்தும்மா. அது காத்தை எஞ்சினுக்குள்ள பலமாத் தள்ளும். உடனே வண்டி பாயும்.”

“அடுப்புக்கு ஊதாங்குழல் வச்சு ஊதுற மாதிரியா தம்பி?”

“கரெக்ட்! இதை ஒருத்தருக்கும் இம்புட்டு ஈஸியாப் புரிய வைக்க முடியலை” என்று சிரித்தார்.

சிரித்த வாயோடு அடுத்த வாரமே ஒரு சேதி சொன்னார். ஷெட்டில் இடம் வேண்டும், பழைய கார் போகட்டும். பழைய இரும்பு வியாபாரி வெள்ளிக்கிழமை காலையில் வண்டியோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டான். நான் பானையோடு உள்ளே போனபோது அண்ணன் அந்தக் காருக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டிருந்தார்.

“இதுல என்ன இருக்குண்ணே?” என்றார் எதிரே நின்ற தம்பி. “இருபதைத் தாண்டினா உதறுது. மழை பெஞ்சா நனையணும். என் வண்டில ஏறிப் பாருங்க, அதுதான் டிரைவிங்!”

ஒரு மிதி. மௌனம். இரண்டாவது மிதி.

“சின்ன முதலாளி, வேகம் வேற, ஓட்டுற சொகம் வேற. சொகம் எதுலன்னு ஏறிப் பாத்தவங்க சொல்லட்டும். ஒங்க வண்டிலதான்னு சொல்லிட்டா, நானே இவனத் தள்ளிட்டுப் போயி அந்த இரும்புக்காரன் வண்டில ஏத்துறேன்.”

யார் சொல்வது? மில் ஆட்கள் சொன்னால் முதலாளி பக்கம் சாய்வார்கள். மெக்கானிக்குகள் அண்ணன் பக்கம். பிறந்ததிலிருந்து காரிலேயே ஏறாத ஆள் வேண்டும் என்று இரண்டு பேரும் தேடி, ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“எனக்கு இன்னும் நாலு வீட்டுக்கு ஊத்தணும்” என்றேன்.

“பானையோடயே ஏறு தங்கச்சி. அதுவும் நல்லதுதான். எவன் ஓட்டுறதுல தயிரு கலையலையோ அவன்தான் டிரைவரு. என் டபுள் கிளட்சுல ஒன் தயிரு மேல ஒரு சுருக்கம் விழாது!”

கேட்டீர்களா? அந்த விதியைப் போட்டது அவரேதான். சமயநல்லூர் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும் என்று முடிவாயிற்று.

முதலில் கறுப்புக் கார். பானை வாயில் வாழையிலை வைத்து, துணி போட்டு இறுக்கிக் கட்டி மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளே போனதும் மார்கழி மாதம் வந்துவிட்டது. சத்தமே இல்லை. மெத்தை மெத்தையாக இருந்தது. ஊருக்கு வெளியே வந்ததும் தம்பி, “இப்பப் பாருங்கம்மா டர்போவை” என்று காலை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. “என்ன தம்பி, அடுப்பு பத்தலையா?” என்று நான் கேட்டு முடிக்கவில்லை, முதுகில் யாரோ எட்டி உதைத்தது போல வண்டி பாய்ந்தது பாருங்கள், என் கொண்டை அவிழ்ந்துவிட்டது! பொய் சொல்ல மாட்டேன், அந்த ஒரு நொடி எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாய்ச்சல் வந்ததும் எதிரே ஒரு வைக்கோல் வண்டி வந்தது. பிரேக். மறுபடி அழுத்தினார், மறுபடி காத்திருந்தோம், பாய்ச்சல் வந்தது, கூடவே ஒரு ஆட்டு மந்தையும் வந்தது. மூன்றாவது தடவை ரயில்வே கேட்டைச் சாத்திவிட்டார்கள். பாவம், அந்தப் பிள்ளைக்கு நெற்றி சுருங்கியது சுருங்கியபடி இருந்தது. பள்ளம் வந்தால் வண்டியின் வயிறு இடிக்குமோ, மாடு வந்தால் கொம்பு கீறுமோ என்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சமயநல்லூர் எப்ப வரும் தம்பி?”

“அதைத் தாண்டி ரெண்டு நிமிஷம் ஆச்சும்மா.”

ஜென்மத்தில் முதல் தடவையாகக் காரில் போகிறேன். என் ஊர் வழியாகவே போயிருக்கிறேன். நானும் ஊரைப் பார்க்கவில்லை, ஊரும் என்னைப் பார்க்கவில்லை!

பங்களாவுக்குத் திரும்பியதும் துணியை அவிழ்த்தார்கள். தயிர் உறை ஊற்றிய இடத்தில் உறைந்தபடியே இருந்தது. ஒரு கோடு விழவில்லை. தம்பி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். மறுபடியும் இலை வைத்துக் கட்டிக்கொண்டு சிவப்புக் காருக்கு வந்தேன்.

அண்ணன் கயிற்றை அவிழ்த்துக் கதவைத் திறந்து, என்னை உட்கார வைத்து, மறுபடி கட்டினார். வண்டி கிளம்பும்போது இருமியது, தும்மியது, அப்புறம் உறுமியது. ஊரைத் தாண்டியதும் அவர் மிதிக்கவும் நிறுத்தவும் மிதிக்கவும், வண்டி ஒவ்வொரு கியருக்கும் ஒரு குரல் மாற்றிப் பாடியது. காற்று முகத்தில் அடித்தது. கரும்பாலை வாசனை வந்தது, நனைந்த வயல் வாசனை வந்தது, அதற்குப் பின்னாலேயே சாணி வாசனையும் வந்தது. மணிக்கு முப்பதைத் தாண்டியிருக்க மாட்டோம். எனக்கோ வைகை அணைக்கு மேலே பறப்பது போல இருந்தது. ஆடு வந்தால் அண்ணன் வாத்து ஹாரனை அமுக்குவார், ஆடு பதிலுக்குக் கத்தும், அதற்கு இவர் மறுபடி அமுக்குவார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

“என்ன தங்கச்சி, எம்புட்டு வேகம் போறோம்னு நெனக்கிற?”

“நூறு இருக்குமாண்ணே?”

“இருபத்தெட்டு!” என்று சொல்லிவிட்டு அவரும் சிரித்தார்.

ஊர் வந்தது. குழாயடியில் என் நாத்தனார் குடத்தோடு நின்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை ‘ஏய் தயிரு’ என்றுதான் கூப்பிடுவாள்.

“அண்ணே, கொஞ்சம் மெதுவா.”

அவர் காதில் எது கேட்காவிட்டாலும் இது கேட்டது. இரண்டு மிதி மிதித்து, குழாயடிக்கு நேரே வண்டியை ஊர்வலம் போல உருட்டி, இரண்டு தடவை ஹாரன் அடித்தார். நான் கையை உயர்த்தி ஆட்டினேன். நாத்தனார் குடம் நிரம்பி வழிந்தது. அவள் வாய் மூடவில்லை.

திரும்பும்போதும் சிரித்துக்கொண்டேதான் வந்தோம். பங்களா வாசலில் இறங்கி, துணியை அவிழ்த்து, இலையை எடுத்தேன். அண்ணன் எட்டிப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போயிற்று.

தயிர் இல்லை. வண்டி உதறிய உதறலில் மோராகி, மேலே எலுமிச்சம்பழ அளவில் வெண்ணெய் திரண்டு நின்றது.

கேட்டுக்கு வெளியே இரும்பு வியாபாரி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான். அண்ணன் இடது காலை ஒரு மிதி மிதித்தார். இரண்டாவது மிதி வரவில்லை. போட்ட விதி அவருடையது. சொன்ன சொல்லுக்காக வண்டியைத் தள்ளப் போய்விட்டார். பின்பக்கத்தில் கையை வைத்தும்விட்டார்.

பானையைச் சேலையால் மறைத்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. ஆனால் நான் தயிரில் தண்ணீர் கலந்தவள் இல்லை. பேச்சில் மட்டும் கலப்பேனா? பானையை எல்லாரும் பார்க்க வாசல் திண்டில் வைத்தேன்.

“தம்பி, பாத்துக்கங்க. ஒங்க வண்டில தயிரு சொகமாப் போச்சு. இந்த வண்டில நான் சொகமாப் போனேன். நீங்க கேட்டது என்னையவா, தயிரையா?”

தம்பி பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இன்னொண்ணும் கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. போய்ட்டு வந்த அம்புட்டு நேரத்துல நீங்க ஒரு தடவ சிரிச்சீங்களா?”

அந்தப் பிள்ளை யோசித்தார். நேர்மையான பிள்ளை. “இல்லம்மா” என்றார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, “தள்ளாதீங்கண்ணே. என்னையும் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க” என்றார்.

அப்போதுதான் இரண்டாவது மிதி விழுந்தது.

அரை மணி நேரம் கழித்துத் தலைமுடியெல்லாம் நட்டுக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தபடி தம்பி வந்து இறங்கினார். முதலாளியின் மகனும் வாத்து ஹாரன் அடித்ததை அன்று மதுரையே கேட்டது. இரும்பு வியாபாரிக்கு ஒரு செம்பு மோர் கொடுத்து அனுப்பிவைத்தேன். வெண்ணெயில் ஒரு சிட்டிகை எடுத்து, கிறீச்சிட்ட கதவுக் கீலில் தடவினார் அண்ணன். மிச்சத்தை மதினிக்குக் கொடுத்தேன். நான்கு வீட்டுக்கு அன்று தயிர் இல்லை. என் வியாபாரத்தில் அப்படி நடந்தது அந்த ஒரு நாள்தான்.

கறுப்புக் கார் அப்புறம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. சிவப்புக் கார் அண்ணன் இருந்தவரை ஓடியது. சில வெள்ளிக்கிழமைகளில் என்னை ஊரில் கொண்டுவந்து இறக்கிவிடும். நாத்தனார் என் பேரைச் சொல்லிக் கூப்பிடப் பழகிக்கொண்டாள்.

அண்ணன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. ஊர் வழக்கப்படி கால் முன்னால் வரத்தான் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போனார்கள். ஆயுசு முழுக்கப் பின்னாலேயே நுழைந்து வைத்தது வீண் போகவில்லை, மனிதர் நேராகவே கிளம்பினார். சிவப்புக் காரைத் தம்பிதான் ஊர்வலத்துக்குப் பின்னால் ஓட்டி வந்தார். கியர் மாற்றும்போதெல்லாம் இரண்டு மிதி மிதித்தார். நான் எண்ணிக்கொண்டே நடந்தேன்.

எழுதியாயிற்று. பேத்திக் கண்ணு, இங்கே வா, இதை முதலிலிருந்து வாசி பார்ப்போம். கொஞ்சம் சத்தமாகவே வாசி. அண்ணனுக்குக் காது மந்தம்.