நூற்று முப்பத்தேழாம் கேள்வி

ஜெனீவா,
புதன்கிழமை மதியம்.

என் மரியாதைக்குரிய பிளாசிட் அத்தானுக்கு, மைத்துனன் கத்பர்ட் எழுதிக்கொள்வது. இங்கே பனியைத் தவிர மற்ற எல்லாம் சுகம். எர்னஸ்டின் அக்காவும் நம் விளக்குமாற்றுப் பட்டறைப் பெண்கள் எட்டுப் பேரும் நலமாக இருக்கவேண்டும். அக்கா அனுப்பிய கொக்கோ உருண்டைகள் உடையாமல் வந்து சேர்ந்தன.

முதலில் நல்ல செய்தி. பட்டறைக்கு ஆபத்தில்லை. ஆபத்து எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? ஏழு வருடத்துக்கு ஒரு முறை உலக வர்த்தக அமைப்பில் எல்லா நாடுகளும் சுற்றி உட்கார்ந்து நம் தீவின் வியாபாரச் சட்டங்களைப் புரட்டிப் பார்ப்பார்கள். தண்டனை கிடையாது, அபராதம் கிடையாது, கேள்வி மட்டும்தான், ஆனால் அந்தக் கேள்விக்கே நம் அமைச்சர் புதுக் கோட்டு தைத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். நேற்று முதல் கூட்டம், நாளை இரண்டாவது, நடுவில் இந்த ஒரு நாள் நம் தூதரகத்தில் நான் உட்கார்ந்து பதில் எழுதுவதற்கு. வந்த கேள்விகள் இருநூற்றுப் பதினான்கு. நூற்று முப்பத்தேழாவது ஒரு பனிமலை நாடு கேட்டது, நேரே நம் பட்டறையைத் தொடுகிறது: "வெளிநாட்டு விளக்குமாறு இறக்குமதிக்கு உங்கள் நாட்டில் உரிமம் தேவைப்படுவது ஏன்?"

உரிமம் போனால் பிளாஸ்டிக் விளக்குமாறு கப்பல் கப்பலாக வந்து இறங்கும், எட்டுப் பேரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். பழைய பதில்களைத் தேடினேன். போன தடவையும் இதே கேள்வி. "பரிசீலனையில் உள்ளது" என்று பதில். அதற்கு முந்தின தடவையும் அதே கேள்வி, அதே பதில். நானும் அதையே எழுதிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் பனிமலை நாட்டுக்காரர்களுக்கு நம் விளக்குமாற்றின் மேல் அப்படி என்ன அக்கறை? மண்டை குடைந்தது, அத்தான். இன்று காலை காப்பிக் கூடத்தில் அவர்கள் பிரதிநிதி இங்காவைப் பிடித்துக் கேட்டேவிட்டேன்.

"அய்யோ, எனக்கு என்ன தெரியும்? போன தடவை அனுப்பின பட்டியலை அப்படியே அனுப்பிட்டோம். நீங்க?"

"நாங்களும் ஒவ்வொரு தடவையும் பழைய பதிலத்தான் அனுப்பறோம்."

அவள் சிரித்த சிரிப்பில் காப்பி என் சட்டையில் கொட்டியது. "சரி, அந்த விளக்குமாறு எப்படித்தான் இருக்கும்? காட்டுங்களேன்!" என்றாள். அக்கா கொடுத்தனுப்பியது அலுவலகத்தில் இருந்தது, ஓடிப்போய் எடுத்து வந்தேன். இங்கா ரொட்டித் துணுக்குகளைப் பெருக்கிப் பார்த்தாள். "என்னம்மா பெருக்குது! எந்த ஓலை இது?" என்று அவள் கேட்க, இன்னும் நாலு நாட்டுக்காரர்கள் எனக்கு உனக்கு என்று வாங்கிப் பெருக்கினார்கள். காப்பிக் கூடம் இத்தனை சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை. எனக்கு ஒரே பெருமை.

ஆகவே கவலையை விடுங்கள். பதில் எழுதிக் கொடுத்தாயிற்று: "பரிசீலனையில் உள்ளது." இன்னும் ஏழு வருடத்துக்கு யாரும் வாய் திறக்கமாட்டார்கள். கர்த்தர் உங்கள் கைகளுக்கும் பட்டறைக்கும் காவலாக இருக்கட்டும். அக்காவுக்கு என் முத்தங்கள்.

அன்பு மைத்துனன்,
கத்பர்ட் இப்போலித்

பி.கு. (வியாழன் மாலை): அத்தான், உட்கார்ந்துகொண்டு படியுங்கள். இன்றைய கூட்டத்தில் இங்கா எழுந்து, எழுதி வைத்ததைப் படிக்காமல், மனசார ஒரு கேள்வி கேட்டாள்: "நேத்துதான் உங்க விளக்குமாத்தால பெருக்கிப் பார்த்தேன். இவ்வளவு நல்ல சரக்கை வச்சுக்கிட்டு பிளாஸ்டிக்குக்குப் போய் பயப்படலாமா?" நம் அமைச்சர் கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தார். "பயமா? எங்களுக்கா? வர்ற திங்கட்கிழமையிலிருந்து அந்த உரிமம் கிடையாது!" என்று அறிவித்துவிட்டார். மண்டபமே கைதட்டியது. என்ன நடந்தது என்று எனக்கு உறைப்பதற்குள் நானும் தட்டிவிட்டேன், அத்தான், அதுவும் எழுந்து நின்று.