வில்வமரத்து ஹோல்டான்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷங்களாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் பூஜை சாமான் கடை வைத்திருக்கிறேன். விபூதி விற்றுப் பிழைக்கிறவன், ‘அது விபூதி இல்லை, பூச்சி’ என்று பத்திரிகையில் எழுதினால் சாமி என்ன நினைக்குமோ என்று பயம். போன பிரதோஷத்தில் சன்னதியில் நின்று கேட்டேன். சாமி தடுத்ததாகத் தெரியவில்லை. எழுதுகிறேன்.

சென்னை பஸ்களை டிரைவர்கள்தான் ஓட்டினார்கள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால் அது தப்பு. ஹோல்டான்தான் ஓட்டினார், தொண்டையால். எங்கள் தெருக்காரர், கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ‘ஹோல்டான்’ என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் பஸ் மட்டுமா நிற்கும்? பக்கத்தில் போகிற சைக்கிள், மாடு, கல்யாண ஊர்வலம் எல்லாம் நிற்கும்.

ரிட்டயர் ஆன பிறகும் அவருக்கு டூட்டி முடியவில்லை. ரேஷன் கடை வரிசையைப் பார்த்தால், “முன்னாடி போ, முன்னாடி போ, நடுவுல எவ்ளோ எடம் கீது பாரு” என்று நகர்த்துவார். ஒரு சாவு வீட்டில், மாலையோடு வருகிறவர்கள் முன் வாசல், பார்த்து முடித்தவர்கள் பின் வாசல் என்று பிரித்துவிட்டார். யாருக்கும் நின்று அழ நேரம் கிடைக்கவில்லை.

எங்கள் சந்து மெயின் ரோட்டில் சேரும் இடத்தில் ஒரு வில்வமரம். அடியில் சின்னப் பிள்ளையார். பிரதோஷத்துக்குத் தெருவே அதில்தான் இலை பறிக்கும். அங்கே பஸ் ஸ்டாப் கிடையாது. ஆனால் ஹோல்டான் வேலையில் இருந்த காலத்தில், வயசானவர்கள் இறங்கட்டும் என்று, “வில்வமரம்லாம் எறங்கு” என்று கத்தி நிறுத்துவார். பிறகு வந்த கண்டக்டர்களும் அப்படியே நிறுத்தினார்கள். போர்டு கிடையாது. மரம்தான் போர்டு.

ஒரு கோடையில் என் மனைவி வந்து சொன்னாள். “ஏங்க, வந்து பாருங்க. மரம் விபூதி பூசிட்டு நிக்குது.”

போய்ப் பார்த்தேன். கிளையெல்லாம் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கொஞ்சம் வழித்து நெற்றியிலும் இட்டுக்கொண்டேன். வாசனை வரவில்லை. நமக்கு அவ்வளவுதான் கொடுப்பினை என்று நினைத்துக்கொண்டேன்.

போட்டோ போனில் பறந்தது. சாயங்காலம் அடையாறிலிருந்து என் மைத்துனி, “மாமா, சந்தனமும் சேர்ந்து கொட்டுதாமே?” என்று கேட்டாள். தி. நகரிலிருந்து வந்த ஒரு குடும்பம் மரம் ‘ஓம்’ என்று சொல்வதைக் காதால் கேட்டது. அது பக்கத்து டிரான்ஸ்பார்மர். வேரில் ஆளாளுக்கு ஊற்றிய பாலும் தேனும் பஞ்சாமிர்தமும் ஓடின. மரமே ஓசியில் கொடுக்கும்போது என் கடையில் யார் விபூதி வாங்குவார்கள்?

ஹோல்டான் வந்தார். மரத்திலிருந்து கொஞ்சம் சுரண்டி என் உள்ளங்கையில் வைத்தார்.

“நைனா, விபூதிக்குக் காலு கீதா?”

“என்ன பேசறீங்க?”

“நவுருது பாரு.”

பார்த்தேன். என் கையில் விபூதி மெதுவாக நடந்துகொண்டிருந்தது.

“நெத்தியத் தொடச்சிக்க” என்றார்.

அவர் வீட்டு மாடியில் விவசாயம் படித்த ஒரு பெண் குடியிருந்தாள். அவளைக் கூட்டிவந்து காட்டினார். “இது மாவுப்பூச்சிண்ணா” என்றாள் அவள். “வெளிநாட்டுலேர்ந்து வந்தது. மேல வெள்ளையா மெழுகு பூசிக்கிட்டு மரத்தோட சாறை உறிஞ்சும். எறும்புதான் இதுக்குக் காவல். நீங்க ஊத்துற தேன் எறும்புக்கு விருந்து. இப்படியே விட்டா மரம் பட்டுப்போயிடும். பட்ட மரத்தை ரோட்டோரத்துல விட்டுவைக்க மாட்டாங்க, வெட்டிடுவாங்க.”

ஹோல்டான் மெதுவாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். “வெட்டிட்டா பஸ்ஸு எங்க நிக்கும்?”

அவர் நேராகக் கூட்டத்திடம் போய் விஷயத்தைச் சொன்னார். மூன்றாவது வீட்டு மாமி பிடித்துக்கொண்டார். “பகவான் பிரசாதத்தைப் போய்ப் பூச்சிங்கறேளே, இது அடுக்குமா?”

“கண்ணாடி போட்டுக்கினு பாருங்க மாமி.”

“கண்ணாடி ஆத்துல இருக்கு. பக்திக்குக் கண்ணாடி எதுக்கு?”

ஹோல்டான் என்னை முன்னால் தள்ளினார். “நீ சாமி கும்புடுற ஆளு. நீ சொல்லு, நம்புவாங்க.”

வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “இவர் கடையில விபூதி போணி ஆகல. அதான் பூச்சிங்கிறாரு.” மூடிக்கொண்டேன்.

அதன் பிறகு ஹோல்டான் யாரோடும் பேசவில்லை. எதிர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உச்சிக் கிளைகள் ஒவ்வொன்றாக மொட்டையாயின. ஒருநாள் காலையில் கடைக்கு வந்தார்.

“நைனா, சாமிக்கு எண்ணெய்க்காப்பு சாத்துறாங்கல்ல, மரத்துக்குச் சாத்துனா இன்னா?”

வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணியும் கலந்து அடித்தால் பூச்சி போகும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. “மருந்தைக் காப்புன்னு சொன்னா பாவம் இல்லையா?”

“புள்ள தலையில பேனு கீதுன்னு அம்மாக்காரி எண்ணெ தடவுறா. அவ பாவம் பண்றாளா?”

கடையிலிருந்த வேப்பெண்ணெயை எல்லாம் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன்.

மறுநாள் மயிலாப்பூரே எழுந்திருக்கும்படி கத்தினார். “வில்வமரத்துக்கு எண்ணெய்க்காப்பு. வரிசைல வா. ஆளுக்கு ஒரு கிளை. பாதில எறங்கக் கூடாது.” எதிர்த்துப் பேசிய கூட்டம் முழுக்க வரிசையில் வந்து நின்றது. அந்தப் பெண் கலந்து கொடுத்ததை நாங்கள் அடித்தோம். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தோம். “தேன் எடுத்தாந்தவங்க புள்ளையாருக்குத் தொட்டு வெச்சிட்டு நவுரு. வேருல ஊத்துனா நடுரோட்டுல எறக்கி வுட்ருவேன்.” அடிமரத்தில் துணியைச் சுற்றி கிரீஸ் தடவி, எறும்புகளைப் பார்த்து, “டிக்கெட் இல்லாம ஏறாத” என்றார்.

மாமி கண்ணாடி போட்டுக்கொண்டு வந்திருந்தார். தேய்த்துக்கொண்டே இருந்தவர் நிறுத்தினார். “ஏதோ நடக்கறதே.”

“சொன்னேன்ல மாமி.”

“சொன்னேள். கத்தாம சொல்லியிருந்தா கேட்டிருப்பேன்.”

ரொம்பக் கெட்டுப்போன கிளைகளை வெட்ட வேண்டும் என்றதும், வில்வத்தில் கைவைக்க எல்லோரும் பயந்தார்கள். மாமியே பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்துக் கொடுத்தார்.

கோடை முழுக்கக் காப்பு நடந்தது. மழை வந்ததும் துளிர் விட்டது. ஒரு பக்கம் மொட்டைதான், மறுபக்கம் பச்சை. இலை முற்றும்வரை ஹோல்டான் யாரையும் கிட்டே விடவில்லை. பறிக்க வந்தவர்களை எல்லாம், “அடுத்த வண்டில வா” என்று திருப்பி அனுப்பினார். கடைசியில் ஒரு பிரதோஷத்தன்று அவரே ஒரு கொத்து பறித்து என்னிடம் கொடுத்தார்.

“நீங்களும் வாங்க கோயிலுக்கு” என்றேன்.

“நான் நவுந்தா மரத்தை மொட்ட அடிச்சிருவானுங்க. நீ போய்ட்டு வா நைனா.”

கோயிலில் குருக்கள் இலையை வாங்கிக்கொண்டு, “யார் பேருக்கு அர்ச்சனை?” என்றார்.

இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் பெயரை நான் கேட்டதே இல்லை.

“ஹோல்டான்” என்றேன்.

“நட்சத்திரம்?”

“தெரியலை சாமி. ரிட்டயர்டு கண்டக்டர்.”

குருக்கள் சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். “சுவாமிக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு, கணீரென்று ஆரம்பித்தார். “ஹோல்டான் நாமதேயஸ்ய…”

படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சந்தனம் கொட்டியதாகச் சேர்க்க வேண்டாம். வந்தது பூச்சிதான், மரம் பாதிதான் பிழைத்தது. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அவர் கத்தினதை மட்டும் நாகரிகம் பார்த்துக் குறைத்துவிடாதீர்கள். அந்தச் சத்தம் கேட்காத காலையில் எனக்குக் கடை திறக்கவே மனசு வருவதில்லை.