மந்தாரைக்குத் துணை பார்த்த கதை

ஒரு காட்டில், காலை வெயிலும் மதிய நிழலும் பாதிப் பாதியாக விழும் ஓரத்தில், வெள்ளை மந்தாரைச் செடி ஒன்று ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நின்றது. மேலே கொத்துக் கொத்தாகப் பூ. கீழே முழங்கால் வரைக்கும் வெறும் குச்சி. வண்டுகள் மேல்பாதியைப் புகழ்ந்துவிட்டு, போகிற போக்கில் கீழ்ப்பாதியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயின.

அந்தக் குச்சிகளின் நடுவில்தான் காடை ஒன்று குடியிருந்தது. சுற்றியிருந்த புல்லெல்லாம் கோடைத் தீயில் பொசுங்கிக் கிடந்தது. போன தடவை அது இட்ட முட்டைகளைக் கீரி தூரத்திலிருந்தே பார்த்துவிட்டது. பிறகு பார்ப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. மழை பிடித்ததும் காடை மறுபடி முட்டையிட வேண்டும். அதற்குள் மந்தாரையின் காலடியில் ஏதாவது செடி மறைப்பாக வளர்ந்தாக வேண்டும். கெஞ்சிக் கெஞ்சி, ஒரு துணை தேடிக்கொள்ள மந்தாரையைச் சம்மதிக்க வைத்தது.

தரகுக்கு ஓணான் வந்தது. எதைக் கேட்டாலும் தலையாட்டுகிற பிறவி. தரகுக்கு வேறு முதலீடு தேவைப்படவில்லை. அது காடெங்கும் சொல்லிவைக்க, மறுநாளே செடிகள் வரிசையில் நின்றன. ஆளுக்கொரு சுள்ளியைக் கொடுத்து, அதுதான் டோக்கன் என்றது ஓணான். செடிகள் எப்படி நடந்து வந்தன என்று கேட்பவர்கள், ஓணான் எப்படிப் பேசியது என்று முன்பே கேட்டிருக்க வேண்டும்.

முதலில் சாமந்தி. மதியத்துக்கு மேல் இங்கே நிழல் என்று கேட்டதுமே டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது. அடுத்து செம்பருத்தி. இது பக்கத்தில் சிவப்பாகப் பூத்தால் அப்புறம் தன்னை யார் பார்ப்பார்கள் என்று மந்தாரை முகத்தைத் திருப்பிக்கொண்டது. பெரணிக்கு நிழல் சம்மதம், ஈரம் சம்மதம், எல்லாமே சம்மதம். ஆனால் பூக்கிற வழக்கமே இல்லாத குடும்பத்தில் எப்படிச் சம்பந்தம் வைப்பது என்று மந்தாரை ஓணானின் காதில் கேட்டது. ஓணான் தலையாட்டியது. பெரணி கிளம்பும்போது அதற்கும் அதே மாதிரி ஆட்டி வழியனுப்பியது.

கனகாம்பரம் வந்தபோது காடை எழுந்தே நின்றுவிட்டது. முழங்கால் உயரம். அடர்ந்த இலை. அரை வெயில் போதும். மணம் இல்லாததால் போட்டியும் இல்லை.

"உங்களுக்கு என்ன வேணும்னு வெளிப்படையாச் சொல்லிடுங்க," என்றது ஓணான்.

"பெருசா ஒண்ணுமில்லைங்க. காலடியில கொஞ்சம் மண்ணு, காலை வெயில்ல கொஞ்சம், மழைத் தண்ணியில ஒரு பங்கு."

"வாசல்ல நிக்கும்போதே பங்கு கேக்குறா பாரு," என்றது மந்தாரை, கனகாம்பரத்துக்குக் கேட்கிற மாதிரி.

அதோடு வரிசை கலைந்தது. அப்போது டோக்கன் எதுவும் வாங்காமல், ஓடைப் பக்கமிருந்து மஞ்சள் நூல் போல ஒரு கொடி வந்தது. பொன்னை உருக்கி இழுத்த மாதிரி மின்னியது. பெயர் அம்மையார் கூந்தல். அதற்கு வேர் இல்லை, ஆகவே மண் வேண்டாம். இலை இல்லை, ஆகவே வெயிலும் வேண்டாம். தண்ணீர் எவ்வளவு வேண்டும் என்று ஓணான் கேட்டது.

"எதுக்குங்க சிரமம்? அக்காவைத் தொட்டுக்கிட்டு ஒரு ஓரமா இருந்தாப் போதும்."

மந்தாரைக்குக் கண் கலங்கியது.

காடைக்கு அந்தக் கொடியைத் தெரியும். ஓடைக்கரையில் ஓர் ஆடாதொடைச் செடியை அது இப்படித்தான் தொட்டுக்கொண்டு இருந்தது. இப்போது அங்கே ஒரு மஞ்சள் குவியல் இருக்கிறது. ஆடாதொடை எங்கே என்று கேட்கத்தான் ஆளில்லை. சொல்லிவிடலாம் என்று காடை வாயைத் திறந்தது. எதிர்ப் பாறையில் கீரி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதன் பார்வை குச்சிகளுக்கு நடுவே இருந்தது. அந்த மஞ்சள் குவியலுக்கு அடியில் எவ்வளவு இருட்டு என்பதும் காடைக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

"ஏம்மா, நீ ஒண்ணும் சொல்லலையே?" என்று கேட்டது மந்தாரை.

"நல்ல இடம்க்கா," என்றது காடை.

மழை பிடித்தது. கொடி தழுவியது, ஏறியது, கிளைக்குக் கிளை தாவியது. மந்தாரை பொன் பூட்டிக்கொண்டாள் என்று வண்டுகள் பாடின. பிறகு இலை உதிர்ந்தது, பூ நின்றது, வண்டுகளும் நின்றன. கிளைகள் பாரம் தாங்காமல் மடங்கித் தரையைத் தொட்டன. கீரி சுற்றிச் சுற்றி வந்து, உள்ளே ஒன்றும் தெரியாமல், தனக்குத்தான் பார்வை போய்விட்டது என்று நொந்துகொண்டு நடையைக் கட்டியது.

உள்ளே காடை அடைகாத்தது. அதன் தலைக்கு மேல், மந்தாரையில் கடைசியாகப் பச்சை மிச்சமிருந்த ஒரு கிளை மெதுவாகச் சொன்னது:

"அவ ஒண்ணுமே கேக்கலையேம்மா."

"ஆமாங்க்கா," என்றது காடை, முட்டைகளைப் புரட்டிவிட்டபடி. "தங்கமான மனசு."

சில நாளில் குஞ்சுகள் பொரிந்தன. அத்தனையும் பிழைத்தன. தங்கள் தலைக்கு மேல் இருந்தது ஒரு காலத்தில் பூத்த செடி என்று தெரியாமலே, அம்மாவின் பின்னால் ஈரத் தரையில் நடந்து போயின.

நீதி: துணை தேடும்போது, எதுவும் கேட்காதவரையே தேர்ந்தெடுங்கள். உங்கள் கதி எப்படி ஆனாலும், பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு நல்ல நிழல் கிடைக்கும்.