அத்தானுக்கு நான் பார்த்துக் கொடுத்த பேபி கார்

‘தெரியாது’ என்ற சொல்லை நான் முப்பது வயதுக்கு மேல்தான் பழகிக்கொண்டேன். அதற்கு முன் எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று உலகத்தில் இருப்பதாக நான் காட்டிக்கொண்டதே கிடையாது. சென்னையில் இரண்டு வருஷம் படித்துவிட்டு நாகர்கோவிலில் வந்து இறங்கியபோது எனக்கு இருபத்துமூன்று வயது. பரீட்சையில் தேறவில்லை (முடிவு இன்னும் வரவில்லை என்று ஊரில் சொல்லியிருந்தேன்). ஆனால் தலையில் கிராப்பு இருந்தது, கையில் கடிகாரம் இருந்தது, எதைப் பற்றிக் கேட்டாலும் “அதுவா?” என்று ஆரம்பிக்கிற ஒரு குரல் இருந்தது. அந்தக் குரலை நம்பிக் கெட்டவர் என் அத்தான்.

அத்தான் என்றால் என் அக்கா எஸ்தரின் கணவர். சுசீந்திரத்துக்குக் கிழக்கே ஒரு மைல் தள்ளி, பாசனச் சானல் கரை போய் முடிகிற இடத்தில் அவருக்கு வீடும் வயலும். காளை பார்ப்பதில் கெட்டிக்காரர். தோவாளையிலிருந்துகூட ஆட்கள் வந்து சந்தைக்கு அவரை அழைத்துப் போவார்கள். அப்படிப்பட்டவர் மோட்டார் வாங்க நினைத்ததற்குக் காரணம் அக்காதான்.

முதல் பிரசவத்துக்கு அவளை வில்வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வண்டி பழையாற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் பையன் பிறந்துவிட்டான். சந்தைக்கு மீன் கொண்டு போன இரண்டு பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பிரசவம் பார்த்தார்கள். தாயும் பிள்ளையும் தப்பியது தெய்வச் செயல். ஆனால் அக்கா அதை மறக்கவில்லை. இரண்டாவது முறை மாசமானதும் அத்தானைக் கூப்பிட்டு, “மோட்டார் இருந்தா ஆஸ்பத்திரிக்கு வாறேன். இல்லைன்னா இந்த வீட்டுப் படி எறங்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டாள். பஸ் பெரிய ரோட்டில்தான் போகும். அதுவும் யாருக்கு வலி எடுத்திருக்கிறது என்று பார்த்து நிற்காது.

அந்தச் சமயத்தில்தான் கோட்டாற்றில் ஓய்வுபெற்ற ஓவர்சியர் ஒருவர் தம்முடைய பேபி காரைக் கொடுத்துவிடப் போகிறார் என்று தகவல் வந்தது. இரண்டு ஜோடி நல்ல காளையின் விலைதான் கேட்டார். மோட்டாருக்கு அது அடிமாட்டு விலை. அத்தானுக்கு உடனே சந்தேகம் வந்தது. காளையாக இருந்தால் அவரே பார்த்துவிடுவார். மோட்டார் என்பதால் எனக்கு ஆள் அனுப்பினார்.

“மாப்பிள, நீ மோட்டார் ஓட்டுவியா?”

“அதுவா? மெட்ராஸ்ல அதுதானே வேலை” என்றேன்.

உண்மையைச் சொல்கிறேன். சென்னையில் என்னோடு படித்த ஒருவன் தன் அப்பாவின் காரைக் கடற்கரைச் சாலையில் எட்டு நாள் சாயங்காலம் என்னிடம் கொடுத்திருந்தான். சாலை நேராக இருந்தது. நானும் நேராகப் போனேன். பின்னால் எடுப்பதை அடுத்த வாரம் சொல்லித் தருகிறேன் என்றான். அடுத்த வாரத்துக்குள் அவனுடைய அப்பாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. என் மோட்டார்க் கல்வி அதோடு முடிந்தது.

ஓவர்சியர் வீட்டில் கார் பச்சை நிறத்தில், பெரிய நெற்குதிர் ஒன்றைக் கவிழ்த்து வைத்தது போல நின்றது. நான் அதை மூன்று முறை சுற்றி வந்தேன். டயரைக் காலால் உதைத்தேன். மூடியைத் திறந்து உள்ளே வெகுநேரம் பார்த்து, “ம்” என்றேன். (உள்ளே எது எது என்று எனக்குத் தெரியாது. கறுப்பாக இருந்தது என்பது மட்டும் தெரிந்தது.) ரப்பர்க் குமிழை அமுக்கி ஹாரனைப் பதினைந்து முறை அடித்துப் பார்த்தேன், ஏனென்றால் எனக்குச் சந்தேகமில்லாமல் விளங்கிய ஒரே உறுப்பு அதுதான். அத்தான் தன் வழக்கப்படி காரின் விலாவில் தட்டிப் பார்த்தார். முன்விளக்குகளைக் கண் போலக் குனிந்து பார்த்தார். கடைசியில், மாடு வாங்கினால் மூன்று நாள் தொழுவத்தில் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம், மோட்டாருக்கும் அப்படி உண்டா என்று கேட்டார். ஓவர்சியர் சிரித்துவிட்டு, கொண்டு போய்ப் பாருங்கள் என்றார். எப்படி ஓட்டுவது என்று சொல்லித் தர வாயெடுத்தவரை நான் கையமர்த்தினேன்.

மூன்று நாளும் அத்தான் அந்தக் காருக்குக் காளைப் பரீட்சை வைத்தார். பாரம் இழுக்குமா என்று பின்சீட்டில் நான்கு மூட்டை நெல் ஏற்றினார். இழுத்தது. தண்ணீரைக் கண்டு மிரளுமா என்று வாய்க்காலில் இறக்கச் சொன்னார். மிரளவில்லை. கொட்டுச் சத்தத்துக்குக் கலையுமா என்று ஒரு வேலையாளை விட்டுத் தகரத்தை அடிக்கச் சொன்னார். கார் கலையவில்லை, நான்தான் கலைந்தேன். அவருடைய களம் விசாலமானது. அதனால் வட்டமடித்தே காரை நிறுத்தினேன், வட்டமடித்தே எடுத்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் அவர் மெதுவாக, மோட்டார் பின்னாலேயும் போகும் என்கிறார்களே, அதைப் பார்க்க வேண்டாமா என்று கேட்டார். நான் டயரில் இல்லாத தூசியைத் தட்டினேன்.

“அதெல்லாம் பாக்கவே வேண்டாம் அத்தான். முன்னால போற மிஷின் பின்னால போவாம எங்க போவும்?”

அவர் ஒத்துக்கொண்டார். ஆயுள் முழுவதும் காளை பார்த்தவருக்குப் பின்னால் போவது ஒரு பெரிய தகுதியாகத் தோன்றவில்லை. நான் அன்று செய்தது மறதி அல்ல, திருட்டுத்தனம். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அரை மணி நேரத்தில் ஓவர்சியர் வந்து சொல்லிக் கொடுத்திருப்பார்.

மூன்றாம் நாள் காலை அக்கா தலையணையோடு வந்து நின்றாள். அவளுக்கு நாள் இன்னும் பத்துப் பன்னிரண்டு இருந்தது. நாளைக்கு இதில் படுத்துப் போகப் போகிறவள் நான்தானே, நான் பார்க்காமல் எப்படி முடிவு செய்வீர்கள் என்றாள். அவளைப் பின்னால் உட்கார வைத்து, அத்தான் என் பக்கத்தில் ஏறி, சானல் கரை வழியாகப் பெரிய ரோட்டுக்குக் கிளம்பினோம்.

சானல் கரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் பேச்சிப்பாறைத் தண்ணீர் வருகிற சானல். மறுபக்கம் ஆள் உயரப் பள்ளத்தில் வயல். நடுவில் ஒரு வண்டி மட்டுமே போகிற அகலம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்குவதற்கு மதகு ஒன்று உண்டு. அதைத் தாண்டி நாங்கள் இருநூறு அடி வந்திருப்போம். கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்த மாசி மாதம் அது. வளைவில் திரும்பியதும் எதிரே வைக்கோல் வண்டிகள். ஒன்றன் பின் ஒன்றாக எட்டு.

முதல் வண்டிக்காரர் இறங்கி வந்து மரியாதையாகத்தான் சொன்னார்.

“ஐயா, பாரத்தோட காளை பின்னால போவாது கேட்டியளா. நீங்க அந்த மதகு வரைக்கும் பின்னால எடுங்க.”

நான் கியர்க் கம்பியைப் பிடித்தேன். இழுத்தேன், தள்ளினேன், ஆட்டினேன். உள்ளே எதுவோ பல்லை நறநறவென்று கடித்தது. பிறகு கார் ஒரு துள்ளுத் துள்ளி முன்னால் போய், காளையின் மூக்கில் முட்டாமல் நின்றது. மறுபடியும் முயன்றேன். மறுபடியும் முன்னால்தான். வண்டிக்காரர்கள் எட்டுப் பேரும் வந்து சுற்றி நின்றார்கள். வியர்வை என் கண்ணில் இறங்கியது. அப்போது பின்சீட்டிலிருந்து அக்கா அமைதியாகச் சொன்னாள்.

“தம்பி, எனக்கு வலி எடுக்கு.”

என் உயிரில் பாதி அந்த இடத்திலேயே போய்விட்டது. அத்தானின் முகம் வெளுத்தது. அக்கா மட்டும் கலங்கவில்லை. கதவைத் திறந்து இறங்கி, ஒரு கையால் வண்டிச் சக்கரங்களைப் பிடித்துக்கொண்டு, எட்டு வண்டிகளின் ஓரமாக நடந்தாள். பிள்ளையை இடுப்பில் பிடிப்பது போல வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. கடைசி வண்டிக்காரர் நல்ல மனுஷர். பாதி வைக்கோலைச் சானலில் தள்ளி, காளைகளை அவிழ்த்து, நாலு பேராக வண்டியைத் திருப்பிப் பூட்டினார். மோட்டாரில்தான் போவேன் என்றிருந்த என் அக்கா வைக்கோல் மேல் படுத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். அத்தான் பின்னால் ஓடினார்.

நான் அங்கேயே காரோடும் ஏழு வண்டிகளோடும் நின்றேன். வழியிலேயே குழந்தை பிறக்கிறதோ என்னவோ என்ற பயம் ஒரு பக்கம், இத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கம் ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்தால் மனுஷன் மௌனமாக இருக்க வேண்டும். நான் பிரசங்கம் செய்தேன்.

இந்தக் காரில் பின்னால் போகிற சக்கரத்தையே கழற்றி விற்றுவிட்டார்கள் என்றேன். சென்னையில் இப்படி நூறு மோசடி பார்த்திருக்கிறேன் என்றேன். கையால் பின்னால் தள்ளலாமே என்ற ஒருவரை, தள்ளினால் மிஷின் கெட்டுப்போகும் என்று அதட்டினேன். வண்டிக்காரர்களை ஒவ்வொருவராகக் காருக்கு அடியில் படுக்க வைத்து, ஏதோ ஒரு துளையைக் காட்டி, சக்கரம் இருந்த இடம் இதுதான் என்று நிரூபித்தேன். ஓவர்சியர் மேல் வழக்குப் போட்டால் சாட்சி சொல்வீர்களா என்று கேட்டு, நான்கு பேரிடம் சம்மதமும் வாங்கினேன். இதற்கிடையில் ஒவ்வொரு வண்டிக் காளையும் முன்வண்டி வைக்கோலை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. அவற்றுக்கு அன்று பெருநாள்.

இரண்டு மணி நேரம் கழித்து அத்தான் ஜட்காவில் வந்து இறங்கினார். கூடவே ஓவர்சியர். “பொம்பளப் பிள்ளை. ரெண்டு பேரும் சுகம்” என்றார் அத்தான் முதலில். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஏற்றிக் கால் மணி நேரத்தில் பிறந்ததாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இந்த வண்டி வேண்டாம் அத்தான். இதுல பின்னால போறதுக்கு ஏற்பாடே இல்ல. நம்மள ஏமாத்திட்டாரு” என்று ஓவர்சியரை வைத்துக்கொண்டே சொன்னேன்.

ஓவர்சியர் காரில் ஏறி உட்கார்ந்தார். அந்தக் கியர்க் கம்பியின் தலையில் உள்ளங்கையை வைத்து ஒரு அமுக்கு அமுக்கி, பக்கவாட்டில் தள்ளினார். கார் சாதுவாகப் பின்னால் போனது. இருநூறு அடியும் கோடு போட்டது போலப் போய், மதகில் ஒதுங்கி நின்றது. ஏழு வண்டிகளும் அதைத் தாண்டிப் போயின. சாட்சி சொல்ல ஒப்புக்கொண்ட நான்கு பேரும் தாண்டும்போது என் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். அவர்களுக்கு இருந்த நாகரிகம் எனக்கு இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

“கம்பியக் கீழ அமுக்கணும் தம்பி” என்றார் ஓவர்சியர். “அன்னைக்கே சொல்ல வந்தேன்.”

அத்தான் என்னை மேலும் கீழும் பார்த்தார். சந்தையில் காளையைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. பிறகு ஓவர்சியரிடம் திரும்பி, “வண்டி நல்ல வண்டி. நான் எடுத்துக்கிடுதேன். நல்லா ஓட்டத் தெரிஞ்ச ஆள் ஒருத்தன நீங்களே பாத்துத் தாருங்க” என்றார்.

அந்தக் கார் பதினோரு வருஷம் ஓடியது. அக்கா அதிலேயே இன்னும் இரண்டு பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போனாள். இரண்டு முறையும் நான் உதவிக்கு ஓடிப் போய் நின்றேன். இரண்டு முறையும் டிரைவருக்குப் பக்கத்தில் உட்காரக்கூட என்னை விடவில்லை. நடந்து வரச் சொன்னார்கள்.

அன்று பிறந்தவள் இப்போது டாக்டர். சொந்தக் கார் வைத்திருக்கிறாள், தானே ஓட்டுகிறாள். அவள் பிறந்த கதை குடும்பத்தில் எல்லாருக்கும் மனப்பாடம், அவள் பிள்ளைகளுக்கும்கூட. போன வாரம் என்னை வீட்டில் கொண்டு விட வந்தாள். தெருவில் இடமில்லை, காரைப் பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. கியரில் கையை வைத்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“மாமா, நீங்க ஒரு நிமிஷம் எறங்கி நில்லுங்க. நீங்க உள்ள இருந்தா இது பின்னால போவாது.”

நான் மறுபேச்சுப் பேசாமல் இறங்கி நின்றேன்.