மூளைக்கு மறு எடை

நல்லம்பள்ளிக் கல்யாண மண்டபத்தில் தாலியும் இல்லை, மேளமும் இல்லை. ஆனால் கூட்டம் மட்டும் முகூர்த்த நாளைத் தோற்கடித்தது. வாசலில் பேனர்: 'மூளைக் கணித மேதை குப்புராஜ்! உங்கள் பிள்ளையின் மூளைச் செல் ஒவ்வொன்றும் என்ன நினைக்கிறது? கணக்குப் போட்டுச் சொல்கிறோம்!' கோடிக்கணக்கான செல்லையும் ஒவ்வொன்றாக விசாரிப்பாராம். ஒரு தலைக்குப் பத்தே நிமிஷம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். ஒரு செல்லுக்கு என்ன விழுகிறது என்று வகுத்துப் பார்த்தால் சல்லிசுதான்.

மூளைச் செல்களின் துடிப்பைக் கணக்கில் எழுதி, நடத்தையோடு பொருத்திப் பார்க்கும் ஆராய்ச்சி உலகில் உண்மையாகவே நடக்கிறது. பாவம், ஒரு எலி அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்வதற்கே அந்த ஆராய்ச்சியாளர்கள் வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நல்லம்பள்ளிக்கு வந்திருந்தால் பிழைத்திருப்பார்கள்.

மாரப்பன் காலை ஏழு மணிக்கே டோக்கன் வாங்கிவிட்டார். சித்தேரி மலையில் புளி வாங்கித் தருமபுரி மண்டியில் போடும் வியாபாரி அவர். மண்டிக்குள் அவரை ஏமாற்ற இன்னொருவன் பிறந்து வர வேண்டும். மண்டியைத் தாண்டினால், ஏற்கெனவே பிறந்தவர்களே போதும்.

மகள் யுவராணி பத்தாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூற்றெட்டு. தருமபுரியில் கணக்கு குரூப் சேர வேண்டும், பிறகு பாலம் கட்டப் படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பெண் பிள்ளையைத் தினம் பஸ்ஸில் அனுப்ப மாரப்பனுக்கு மனமில்லை. பள்ளியில் சேர மறுநாள் மாலைதான் கடைசி. இரண்டு பேரும் பேசி முடிவுக்கு வராமல், "மூளையே சொல்லட்டும் பாப்பா" என்று அழைத்து வந்துவிட்டார்.

முதலில் ஒரு படிவம். பெயர், வயது, ராசி. மூளைக் கணிதத்துக்கு ராசி எதற்கு என்று கேட்கக் கூடாது. கடைசிக் கட்டம், 'பெற்றோர் விருப்பம்'. மாரப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார்: 'வீட்டோடு தையல்.' படிவத்தை வாங்கிய தெரசா என்ற பெண் அதைப் பார்த்துப் பார்த்து லேப்டாப்பில் தட்டினாள்.

பிறகு தொப்பி. நீச்சல் தொப்பியில் இருபது ஒயர். அதில் ஏழு எங்கேயும் போய்ச் சேரவில்லை, எண்ணிப் பார்த்தால்தானே. பெரிய திரையில் கிரேக்க எழுத்துகள் ஓடின. கோட்டு போட்ட குப்புராஜ் மைக்கைப் பிடித்தார்.

"கணக்குச் செல் பதினோரு பர்சன்ட். தையல் செல் தொண்ணூத்திரண்டு! இந்தப் பொண்ணு ஊசியத் தொட்டா ஊரே உடுத்தும்!"

அறுந்த பட்டனுக்கு ஊக்கு குத்திக்கொண்டு திரிகிற பிள்ளை யுவராணி.

மாரப்பனுக்குப் புல்லரித்தது. "நான் மனசுல நெனச்சத அப்படியே சொல்லிப்புட்டாருங்க!"

"எனக்குந்தாங்க!" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். "எம் பையன் டாக்டருன்னு நெனச்சேன். டாக்டருன்னே வந்திருச்சி."

மண்டபம் முழுக்க இதே ஆச்சரியம்தான். அந்த நினைப்பைப் பத்து நிமிஷத்துக்கு முன்னால் தங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்தது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

வீட்டுக்கு வந்த யுவராணி அழவில்லை. சாப்பிடவும் இல்லை. மாலையில் அப்பா எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"மண்டித் தராசு மேல சந்தேகம் வந்தா நீ என்னா பண்ணுவப்பா?"

"மறு எடை போடுவேன்."

"எப்படி?"

தொழில் பேச்சு வந்ததும் மாரப்பன் நிமிர்ந்தார். "அதே மூட்டைய வேற ஆளு பேர்ல அனுப்புவேன். களவாணித் தராசா இருந்தா ஆளு மாறுனதும் எடையும் மாறிடும். மாட்டிக்குவான்."

"புளி மூட்டைக்குக் குடுக்கற மரியாத என் தலைக்கு இல்லயாப்பா?"

மாரப்பனுக்குச் சுருக்கென்று குத்திவிட்டது. மறு எடைக்கு இன்னொரு ஆயிரத்து ஐந்நூறை எண்ணி எடுத்து வைத்தார்.

மறுநாள் காலை யுவராணி முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு அத்தை பானுமதியோடு அதே மண்டபத்து வரிசையில் நின்றாள். படிவத்தில் அவள் பெயர் கலைமணி. பெற்றோர் விருப்பம்: 'கணக்கு படித்துப் பாலம் கட்ட வேண்டும்.' மாரப்பன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். குப்புராஜ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தலைக்குள் பார்க்கிறவருக்கு முகம் எதற்கு?

"அபாரம்! கணக்குச் செல் தொண்ணூத்தி நாலு! காவேரிக்கே பாலம் போடும் இந்தப் பொண்ணு! தையல் ரெண்டே பர்சன்ட். ஊசிப் பக்கமே விட்டுடாதீங்க!"

கைதட்டல் அடங்கும் முன்பே மாரப்பன் நேற்றைய ரிப்போர்ட்டோடு மேடைக்குப் போனார். யுவராணி மாஸ்க்கைக் கழற்றினாள்.

"ஐயா, நேத்து வந்ததும் இதே தலைதாங்க. எம் பொண்ணு. பதினொண்ணு எப்படிங்க ஒரே நாள்ல தொண்ணூத்தி நாலாச்சு?"

குப்புராஜ் கனைத்தார். "மூளைச் செல் தூக்கத்துல வளரும். அது உயர் கணிதம். உங்களுக்குப் புரியாது."

"புரிய வேணாங்க. மூணாவது எடை ஒண்ணு போட்ருங்க." மாரப்பன் வெற்றுப் படிவம் ஒன்றை மேசையில் வைத்தார். "இதுல ஆளு பேரு இல்ல, விருப்பம் இல்ல. தலை மட்டுந்தான். அது என்னா சொல்லுதுன்னு பாப்போம்."

"போடுங்க, போடுங்க!" என்றது கூட்டம். வேறு வழியில்லாமல் தொப்பி மாட்டினார்கள். கிரேக்க எழுத்துகள் ஓடின. ஓடிக்கொண்டே இருந்தன.

"சார்," என்றாள் தெரசா அப்பாவியாக, "பெற்றோர் விருப்பம் போடலன்னா ரிப்போர்ட் வராதுங்க சார். நீங்கதான அப்படி செட் பண்ணச் சொன்னீங்க?"

மைக் ஆனில் இருந்தது.

இன்று இளைய பிள்ளையை அழைத்து வந்திருந்த, நேற்றைய பக்கத்து நாற்காலிக்காரரின் குரல் பரிதாபமாக எழுந்தது. "அப்ப எம் பையன் டாக்டரு இல்லயா?"

"அது நீங்க எழுதுனதுங்க," என்றார் மாரப்பன். "நம்ம கையெழுத்த நாமளே காசு குடுத்து வாங்கியிருக்கறோம்."

குப்புராஜுக்குத் திடீரென்று பெங்களூரில் அவசர வேலை நினைவுக்கு வந்தது. பின்வாசலில் பானுமதி அத்தை இடுப்பில் கைவைத்து நின்றாள். "வாங்குனதத் திருப்பிக் குடுத்துட்டுப் போங்க சார். நீங்க கிளம்புவீங்கன்னு எங்க மூளைச் செல் அப்பவே சொல்லிருச்சி."

மாரப்பன் அந்த வேடிக்கைக்கு நிற்கவில்லை. மகளோடு தருமபுரி பஸ் பிடித்தார். பள்ளியிலும் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதிலும் 'விருப்பப் பாடம்' என்று ஒரு கட்டம் இருந்தது. பழக்க தோஷத்தில் பேனாவைத் திறந்தவர், சற்று யோசித்து அதை மகளிடம் நீட்டினார்.

"நீயே எழுது பாப்பா. உன் தலைதான?"

புளி மூட்டையை இரண்டு முறை நிறுக்கிற ஊர் இது. பிள்ளையின் தலையை மட்டும் எவனோ கொண்டுவந்த தராசில் ஒரே முறை போட்டு நம்புவானேன்? தலைமேல் தொப்பி மாட்ட விடுவதற்கு முன்னால் தலைக்குள் இருப்பதைக் கொஞ்சம் பயன்படுத்திப் பாருங்கள் ஐயா. அதற்கு யாரும் டோக்கன் கேட்பதில்லை.